பீப்பாய் காலியாகக் கூடாது: மர்சாலா ஒயினும் ஒரு குடும்பத்தின் கதையும்



இந்தத் தடவை கொஞ்சம் தூரமா ஒரு ஊருக்குப் போயிட்டு வரலாம். ஒயினைப் பத்தி எழுதறானேன்னு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. நான் எழுதப் போறது குடியைப் பத்தி இல்ல, குடியானவனைப் பத்தி. கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தலுக்குக் கீழயே வளர்ந்தவன் நான். இந்தக் கொடி உலகத்துல வேற எங்கெல்லாம் என்ன பாடுபட்டுச்சுன்னு தேடிப் படிக்கறது எனக்கு ஒரு பழக்கம். அப்படிப் படிச்சதுல மனசுல ஒட்டிக்கிட்ட ஊரு மர்சாலா.

இத்தாலி நாட்டு வரைபடத்தைப் பாத்தா, ஒரு பூட்ஸ் கால் பந்தை உதைக்கற மாதிரி இருக்கும். அந்தப் பந்துதான் சிசிலித் தீவு. அதோட மேற்கு ஓரத்துல, ஆப்பிரிக்காவைப் பாத்துக்கிட்டு இருக்கற துறைமுகம் மர்சாலா. வெயிலும் உப்புக்காத்தும் அடிக்கற பூமி. பேரே அரபிப் பேரு. 'மர்ஸா'ன்னா அரபியில துறைமுகம். கி.பி. 827-ல அரபிகள் சிசிலிக்குள்ள இறங்கினாங்க. 1091-க்குள்ள நார்மன்கள் கைக்குத் தீவு முழுசும் போயிருச்சு. ஆனாலும் அரபிச் சொற்கள் மண்ணுல தங்கிருச்சு. அங்க விளையற ஒரு வாசனைத் திராட்சைக்கு 'சிபிப்போ'ன்னு பேரு. அரபியில உலர் திராட்சைக்கு 'சபீப்'னு சொல்லுவாங்க, அதுல இருந்து வந்தது. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

அந்தப் பக்கத்துத் தோட்ட வீட்டுக்கு 'பாலியோ'ன்னு பேரு. நடுவுல பெரிய முற்றம், சுத்தி உயரமான மதில், அதுக்குள்ளயே வீடு, தொழுவம், திராட்சை மிதிக்கற இடம், பீப்பாய் வைக்கற அறை எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு மரப்பீப்பாய் தனியா இருக்கும். நல்ல வருஷத்து ஒயினை அதுல ஊத்தி வைப்பாங்க. கல்யாணம், பிள்ளைப்பேறு, பெரிய விருந்தாளி வந்தா அதுலருந்து கொஞ்சம் எடுப்பாங்க. எடுத்த அளவுக்குப் புது ஒயினை ஊத்தி நிரப்பிருவாங்க. பீப்பாய் ஒருநாளும் காலியாகக் கூடாது. இதுக்கு 'பெர்பெத்துவோ'ன்னு பேரு. என்னைக்கும் தொடர்றதுன்னு அர்த்தம்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்ல. நம்ம வீட்டு உறைமோர் மாதிரிதான். நேத்தைய தயிர்ல ஒரு கரண்டி எடுத்து இன்னைக்குப் பால்ல விடறோம். அம்மா வீட்டுலருந்து மகள் வீட்டுக்கு உறை போகும். எந்த நாள் தயிர்னு கேட்டா யாரால சொல்ல முடியும்?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். 100 லிட்டர் பீப்பாய்ல வருஷத்துக்கு 10 லிட்டர் எடுத்துட்டு 10 லிட்டர் புதுசு ஊத்தறோம்னு வச்சுக்குவோம். பத்து வருஷம் கழிச்சு முதல்ல ஊத்துனதுல 35 லிட்டர் மிச்சம் இருக்கும். இருபது வருஷத்துல 12 லிட்டர். ஐம்பது வருஷம் ஆனாலும் அரை லிட்டர் இருக்கும். தாத்தா ஊத்துனது பேரன் குடிக்கற கிண்ணத்துல ஒரு சொட்டாவது இருக்கும்.

சரி, இந்த வீட்டுச் சரக்கு எப்படி உலகச் சரக்கு ஆச்சு?

1773-ல ஜான் வுட்ஹவுஸ்னு லிவர்பூல் வியாபாரி ஒருத்தர் மர்சாலாவுக்கு வந்தார். புயல்ல கப்பல் ஒதுங்கித்தான் வந்தார்னு ஒரு கதை சொல்றாங்க. உள்ளூர் ஒயினை ருசி பாத்தார். இங்கிலாந்துல அப்போ ஸ்பெயின், போர்த்துகல் நாட்டு ஷெர்ரிக்கும் மதேராவுக்கும் நல்ல கிராக்கி. இதுவும் அதே ஜாதின்னு வியாபாரிக் கண்ணுக்குப் பட்டுருச்சு. ஆனா மாசக்கணக்குல கப்பல்ல போனா சரக்கு கெட்டுப் போகும். அதனால அதுல திராட்சைச் சாராயத்தைக் கலந்து ஏத்துனார். சாராயம் கூடினா நொதி அடங்கிரும், ஒயின் புளிக்காது. ஊறுகாய்க்கு உப்பைக் கூட்டற மாதிரி.

1800-ல அட்மிரல் நெல்சன் தன்னோட கப்பற்படைக்காக வுட்ஹவுஸ்கிட்ட 500 பெரிய பீப்பாய் கேட்டு வாங்கினார். அதோட மர்சாலா பேரு இங்கிலாந்து பூரா பரவிருச்சு. அடுத்து பெஞ்சமின் இங்காம்னு இன்னொரு ஆங்கிலேயர் 1812-ல சொந்தமா ஆரம்பிச்சார். 1833-லதான் வின்சென்சோ ஃபுளோரியோன்னு ஒரு இத்தாலியர் அவங்களுக்குப் போட்டியா இறங்கினார். 1860 மே 11-ஆம் தேதி கரிபால்டி தன்னோட ஆயிரம் பேரோட வந்து இறங்கினதும் இதே துறைமுகத்துலதான். அப்போ ஊருக்குள்ள ஆங்கிலேயர்களோட ஒயின் கிடங்குகள் வரிசையா இருந்துச்சு.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். ஊரோட பேரு பெருசாச்சு. ஆனா அந்தப் பேரு ஒட்டுன சரக்கு ஊர்க்காரங்க வீட்டுல வச்சிருந்த சரக்கு இல்ல. சாராயம் கலந்த வியாபாரச் சரக்குதான் 'மர்சாலா'ன்னு ஆகிப் போச்சு. வீட்டுப் பீப்பாய்ல இருந்தது பேரில்லாம பின்கட்டுலயே கிடந்துச்சு. விவசாயி பழத்தைக் கொடுத்துட்டுக் காசை வாங்கிட்டுப் போறவனா ஆயிட்டான். இந்த வலி நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில இன்னொரு இடி விழுந்துச்சு. ஃபில்லாக்சரான்னு ஒரு பூச்சி. அமெரிக்காவுலருந்து ஐரோப்பாவுக்குள்ள வந்தது, கொடியோட வேரைத் தின்னு ஆளே காலி பண்ணிரும். 1880 வாக்குல சிசிலிக்குள்ளயும் வந்துருச்சு. மருந்து கிடையாது. பூச்சியைத் தாங்கற அமெரிக்கக் கொடியோட வேர்ல உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டறது ஒண்ணுதான் வழி. இன்னைக்கு மகாராஷ்டிரா பக்கம் டாக்ரிட்ஜ் வேர்ல விதையில்லாத் திராட்சையை ஒட்டுக் கட்டறாங்களே, அந்த வித்தைதான். ஒட்டுக் கட்ட முடியாத சிறு விவசாயிங்க எத்தனையோ பேரு. அந்தக் காலத்துல சிசிலிக்காரங்க கூட்டம் கூட்டமா அமெரிக்காவுக்குக் கப்பலேறினதுக்குப் பல காரணம், செத்துப்போன கொடியும் அதுல ஒண்ணு.

மறுபடி நட்டப்போ மர்சாலா பக்கம் அதிகமாப் போட்ட ரகம் 'கிரில்லோ'. வெயிலைத் தாங்கும், இனிப்பு ஏறும், காத்துக்கு அசையாது. இது 1874-ல அந்தோனியோ மெந்தோலான்னு ஒரு திராட்சை ஆராய்ச்சிக்காரர் சிசிலியிலயே உண்டாக்குன ரகம். 'கத்தராத்தோ'ன்னு உள்ளூர் ரகத்தையும், நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன சிபிப்போவையும் இணைச்சது.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. சிபிப்போவுக்கு உலகம் முழுக்க இருக்கற பேரு மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஆராய்ச்சிக்காரங்க வச்சிருக்கற பேரு மஸ்கட் ஹாம்பர்க். அது 19-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல பிறந்த ரகம். பிளாக் ஹாம்பர்க்னு ஒரு கறுப்புத் திராட்சையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் அதுக்குத் தாய் தகப்பன். ஆக மர்சாலா கிரில்லோவும் கம்பம் பன்னீரும் ஒரு வழியில கூடப் பிறந்ததுங்க. ஒரு பக்கத்து பெத்தவங்க ஒண்ணு. நம்ம பழத்துல அடிக்கற அந்தப் பன்னீர் வாசம் அந்தச் சிபிப்போ கொடுத்த சொத்து. இதைப் படிச்ச அன்னைக்கு எந்திரிச்சுப் போய்ப் பந்தலுக்குள்ள கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். வீட்டுல என்னாச்சுன்னு கேட்டாங்க. சொந்தக்காரங்க தகவல் வந்திருக்குன்னு சொன்னேன்.

20-ஆம் நூற்றாண்டுல மர்சாலா பேரு கெட்டுப் போச்சு. முட்டை கலந்தது, காப்பி வாசனை கலந்ததுன்னு விதவிதமா வித்தாங்க. கடைசியில சமையல்கட்டுல குழம்புக்கு ஊத்தற மலிவுச் சரக்கா நின்னுச்சு. 1969-ல அரசு எல்லை வகுத்துப் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துச்சு. ஆனாலும் தரம் உடனே ஏறல. 1984-ல சட்டத்தை இறுக்கித்தான் கண்டதையும் மர்சாலான்னு விக்கறதைக் குறைச்சாங்க.

இந்த நேரத்துலதான் மார்கோ தெ பார்தோலின்னு ஒருத்தர் வர்றார். மர்சாலா ஒயின் வியாபாரக் குடும்பத்துல பிறந்தவர். இளவயசுல கார் பந்தயம் ஓட்டினவர். பெரிய கம்பெனி வேலையில இருந்து பாத்துட்டு, இது நம்ம ஊரு ஒயினே இல்லன்னு வெளிய வந்துட்டார். 1970-களின் கடைசியில சம்பேரிங்கற இடத்துல இருந்த தாய்வழிக் குடும்பத்து பாலியோவுக்குத் திரும்பினார். அக்கம்பக்கத்துப் பழைய வீடுகள்ல கிடந்த நல்ல பழைய ஒயினைத் தேடி வாங்கினார். சாராயம் ஒரு சொட்டுக் கலக்காம, பெர்பெத்துவோ முறையிலயே வளத்து, 1980-ல 'வெக்கியோ சம்பேரி'ன்னு பேரு வச்சு வெளியிட்டார். பழைய சம்பேரின்னு அர்த்தம்.

இப்பத்தான் கூத்து. அதுக்கு மர்சாலான்னு பேரு வைக்க முடியல. சட்டப்படி மர்சாலான்னா சாராயம் சேர்த்து, வகையைப் பொறுத்து 17, 18 சதவீதம் போதை இருந்தே ஆகணும். ஆங்கிலேயர் வர்றதுக்கு முன்னாடி அந்த ஊரு வீடுகள்ல இருந்த ஒயின் எதுவோ, அதுக்கு அந்த ஊரோட பேரு கிடையாது. கலப்புக்குத்தான் அந்தப் பேரு. சட்டத்தைத் தப்புன்னும் சொல்ல முடியாது, இருநூறு வருஷமா வழங்குன பேரைத்தான் எழுதி வச்சிருக்காங்க. ஆனா முன்னாடி எது இருந்துச்சுன்னு யாரும் கேக்கல. அவர் வீம்பா அந்தப் பேரு இல்லாமலே வித்தார்.

அதோட நிக்கல. ஆப்பிரிக்காவுக்கு ரொம்பக் கிட்ட இருக்கற பந்தெல்லேரியாங்கற சின்னத் தீவுலயும் பழைய சிபிப்போக் கொடியை வச்சு ஒயின் போட்டார். அங்க சூறைக்காத்து. பந்தலே போட முடியாது. தரையில குழி பறிச்சு, அதுக்குள்ள குட்டைச் செடியா வளப்பாங்க. காத்து மேல போயிரும், பனி ஈரம் குழியில தங்கும். வேலை எல்லாம் குனிஞ்சு கையாலதான். 2014-ல யுனெஸ்கோ இந்த வளர்ப்பு முறையை மனிதகுலத்தோட மரபுச் சொத்துன்னு பட்டியல்ல சேத்துச்சு. கோயிலையும் கோட்டையையும் சேப்பாங்கன்னு தெரியும். செடி வளக்கற கைப்பழக்கத்தையும் சேத்தாங்கங்கறது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நல்லது செஞ்சவனுக்குச் சோதனை வராம இருக்குமா? 1995-ல கலப்படம்னு புகார் கிளம்பி, அவரோட கிடங்குக்கு அதிகாரிங்க சீல் வச்சுட்டாங்க. கலப்படம் வேண்டாம்னு வாழ்ந்த ஆளு மேல கலப்படப் புகார். வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசியில குற்றமில்லன்னு வெளிய வந்தார். நான் நினைச்சுப் பாக்கறேன், பீப்பாய்க்குள்ள ஒயின் உயிரோட இருக்கு, கதவுக்கு வெளிய அவர் நிக்கறார். பூட்டுன தோட்டத்துக்கு வெளிய நின்னு காய்ஞ்ச கொடியைப் பாக்கற மாதிரிதான இருந்திருக்கும்? 2011-ல அவர் காலமாயிட்டார். பிள்ளைங்க அந்த பாலியோவை நடத்தறாங்க. பெரிய கம்பெனி இல்ல, இன்னும் குடும்பத் தொழில்தான். இன்னைக்கு சிசிலியில சாராயம் சேக்காத பழைய பெர்பெத்துவோ ஒயினை மதிச்சுப் பேசறாங்கன்னா, அவர் வச்ச உறைதான் அது.

நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பட்டாசு வெடிக்காத குறையா சந்தோஷப்பட்டோம். பேரு நம்மளது ஆயிருச்சு. ஆனா தோட்டத்து வாசல்ல வந்து நிக்கற வியாபாரி அந்தப் பேருக்குன்னு கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. மர்சாலாக்காரருக்குச் சரக்கு இருந்துச்சு, பேரு இல்ல. நமக்குப் பேரு இருக்கு, அதை வச்சு விக்க ஒரு வழி இல்ல. ரெண்டு வருஷத்துல அஞ்சு அறுப்பு எடுக்கற பூமி இது. பழமா, உலர் பழமா, ஜூஸா, நாமளே முடிவு பண்ணி நாமளே விக்கற நாள் வரணும்.

எங்க அப்பா வச்ச கொடியில பத்துப் பதினைஞ்சு இன்னும் நிக்குது. காய்ப்பு குறைஞ்சு போச்சு, எடுத்துட்டுப் புதுசு வையின்னு மகன் சொல்லிக்கிட்டே இருக்கான். அவன் சொல்றதும் நியாயம்தான், கடன் இருக்கு. எடுக்கத்தான் போறேன். ஆனா புதுக்கொடிக்குக் குச்சியை வெளிய வாங்காம, அந்தக் கொடியிலயே வெட்டிப் பதியம் போடறதா முடிவு பண்ணிட்டேன். அடுத்த கவாத்துக்கு வேலை ஆரம்பம். எத்தனை குச்சி பிடிச்சுதுன்னு அப்புறம் எழுதறேன்.