பதம் என்னும் சொல்

உணவை நுணுகிச் சுவைக்கும் கலைக்கு ஐரோப்பியர் ‘காஸ்ட்ரானமி’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் வயிறு, விதி என்னும் பொருளுடைய இரண்டு சொற்களின் சேர்க்கை அது. 1801-இல் ஜோசப் பெர்ஷூ என்ற பிரெஞ்சுக்காரர் அதையே தலைப்பாக்கிக் கவிதை எழுதிய பிறகுதான் பரவலாயிற்று. தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்டால் அறுசுவை, விருந்து என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அறுசுவை பண்டத்தின் குணம். விருந்து, வந்தவரைப் பற்றியது. ஆக்குகிறவரின் நுட்பத்துக்கு உரிய சொல் ‘பதம்’ என்பது என் கட்சி.

அகராதியைப் புரட்டினால் பதத்துக்குப் பக்குவம், ஏற்ற சமயம், ஈரம், கூர்மை, உணவு, சோறு, ஏன், கள் என்றுகூடப் பொருள் இருக்கிறது. (வடமொழி வழி வந்த, ‘சொல்’ என்று பொருள்படும் பதம் வேறு, அதை இங்கே விட்டுவிடுவோம்.) சோற்றுக்கும் அதன் பக்குவத்துக்கும் ஒரே பெயர்! வேகாததைச் சோறு என்று ஒப்புக்கொள்ள நம் முன்னோருக்கு மனம் வரவில்லை போலும்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் வீட்டில் இதைக் கண்ணால் காணலாம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டும்போது மெத்தென்று உருண்டு வந்தால் தக்காளிப் பதம். உடனே இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால், உருட்டித் தட்டில் போடும்போது ‘டங்’ என்று ஒலிக்கும். அது கடலை உருண்டைக்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது.

ஆனால் பதம் அடுப்படியில் தொடங்குவதில்லை. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பில் போகிற பெண்களிடம், அதிரசத்தில் சேரும் ஏலக்காயின் பதமாக அது தொடங்குகிறது. ஏலச்செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒன்றாகவே இருக்கும். விதை கறுத்திருக்க வேண்டும், தோல் பச்சையாகவே இருக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலரும்போது சுருங்கும். பழுக்க விட்டால் வெடிக்கும். ஒவ்வொரு காயையும் பிட்டுப் பார்க்க நேரமேது? விரல்தான் சொல்ல வேண்டும். ஒரு சுற்று எடுத்தால் அடுத்த எடுப்புக்கு 40, 45 நாள் ஆகும்.

பிறகு காய் ‘ஸ்டோர்’ என்னும் உலர்த்தும் கூடத்தில் ஏறத்தாழ 50 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் கிடக்கும். 5 கிலோ பச்சைக்காய் வற்றி 1 கிலோ ஆகும். ஈரப்பதம் 10 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அறிவியல் கலைச்சொல்லுக்குள்ளும் நம் பதம் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். கடைசியாகப் போடியில் ஏலத்துக்கு ஏலம். இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். இன்று விலை கேட்பது கணினியில்தான். என்றாலும் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பிட்டு மோந்து பார்க்கிற வேலையைத் திரை செய்யாது.

இப்படிச் சோதிப்பதற்குத்தான் பதம் பார்ப்பது என்று பெயர். ‘வீரரைக் காளை பதம் பார்த்தது’ என்று எழுதும் நாளிதழ்கள் இந்தச் சொல்லைப் படுத்தும் பாட்டை என்ன சொல்ல!

பாயசம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏலத்தின் மணம் ஆவியாகப் போகும் எண்ணெயில் இருக்கிறது. கொதிக்கும்போது போடாதீர்கள், இறக்கி வைத்த பிறகு தட்டிப் போடுங்கள். தோலை எறியாமல் தேயிலை டப்பாவில் போட்டு வையுங்கள்.