இரக்கமும் இருக்கையும்

சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் நேரும் குறைகளை எட்டு வகையாக எண்ணிக் காட்டுகிறது. பார்வையின்மை, கூன், ஊமை, செவிடு என அவ்வரிசை நீள்கிறது. மன்னனுக்கு அறம் உரைப்பதே புலவரின் நோக்கம். ஆயினும், அக்குறைகளை உடையோர் அப்பாட்டில் பேசப்படுகின்றனரேயன்றிப் பேசுவோராக இல்லை. அவ்வாறு எண்ணப்பட்டோரே எழுந்து தம் குரலால் பேசிய மாநாடு ஒன்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1981ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கூடிற்று. அதன் முன்னும் பின்னுமாகிய வரலாறு அறியத்தக்கது.

சங்கங்கள் தோன்றிய காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் சிங்கப்பூரில் தொண்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1951இல் பார்வையற்றோர்க்கும், 1955இல் காது கேளாதோர்க்கும், 1957இல் பெருமூளை வாதமுற்ற குழந்தைகளுக்கும், 1962இல் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் தனித்தனிச் சங்கங்கள் அமைந்தன. 1952இல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி தொடங்கிற்று. தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க 1958இல் சமூக சேவை மன்றமும், பயிற்சி பெற்ற பணியாளர்க்கென 1971இல் சமூகப் பணியாளர் சங்கமும் நிறுவப்பெற்றன.

இச்சங்கங்கள் ஆற்றிய தொண்டு பெரிது. பள்ளிகள் எழுந்தன; தொழிற்பயிற்சி கிடைத்தது; வீட்டின் மூலையில் மறைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகள் வெளியுலகைக் கண்டனர். எனினும், அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய அமைப்புகளின் செயற்குழுக்களில் அமர்ந்தோர் பெரும்பாலும் மருத்துவர்களும் அலுவலர்களும் கொடையாளர்களுமே. யாருக்காகக் குழு கூடிற்றோ அவர்க்குக் குழுவில் இடமில்லை. இரக்கம் இருந்தது, இருக்கை இல்லை.

வின்னிபெக்கும் சிங்கப்பூரும்

இந்நிலைக்கு எதிரான குரல் 1980ஆம் ஆண்டில் கனடாவின் வின்னிபெக் நகரில் எழுந்தது. மறுவாழ்வுத் துறை வல்லுநர்களின் அனைத்துலக அமைப்பு அங்கே கூடியிருந்தது. ஒவ்வொரு நாட்டின் பேராளர்களிலும் பாதிப்பேர் உடற்குறையுள்ளோராக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தைச் சுவீடன் நாட்டினர் முன்வைத்தனர். அவை அதனை ஏற்கவில்லை. மாநாட்டுக்கு வந்திருந்த உடற்குறையுள்ளோர் தனியே கூடித் தமக்கென ஓர் அமைப்பைக் காண முடிவு செய்தனர்.

மறு ஆண்டாகிய 1981, ஐக்கிய நாடுகள் அவை உடற்குறையுள்ளோர்க்கென அறிவித்த ஆண்டாகும். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் அவர்கள் கூடிய இடம் சிங்கப்பூர். 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் வந்து, தம் அனைத்துலக அமைப்பை முறையாக நிறுவினர். அதன் முதல் தலைவராகச் சிங்கப்பூரர் ரான் சந்திரன் டட்லி தேர்ந்தெடுக்கப்பெற்றார். இளமையிலேயே பார்வையை இழந்த அவர், சமூகப் பணியாளருமாவார். உதவி செய்யும் துறையையும் உதவி பெறும் வாழ்வையும் ஒருங்கே அறிந்த ஒருவர் தலைமை ஏற்றது பொருத்தமே. 1986இல் சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோர் சங்கம் தோன்றியபோதும் அவரே முன்னின்றார். 2015இல் அவர் மறைந்தார்.

சொல்லும் மாறியது. 1962இல் 'குன்றிய குழந்தைகள்' எனப் பெயர் தாங்கிய சங்கம், 1985இல் அப்பெயரைக் கைவிட்டது. வளர்ந்து பெரியவர்களானோரையும் குழந்தைகள் என்றே அழைத்தல் முறையன்று என்னும் உணர்வு அம்மாற்றத்தில் விளங்குகிறது.

வீதியில் விளைந்த பயன்

குழுவில் யார் இருக்கின்றனர் என்பது வீதியில் தெரியும். 1987இல் ஓடத் தொடங்கிய எம்ஆர்டி ரயில், சக்கர நாற்காலியில் வருவோரைக் கருதி அமைக்கப்பெற்றதன்று. கட்டடங்களில் தடையற்ற வழி வேண்டும் என்னும் விதித்தொகுப்பு 1990இல் வந்தது. 2003இல் திறக்கப்பெற்ற வடகிழக்கு வழித்தடம் தொடக்கத்திலேயே மின்தூக்கிகளுடன் எழுந்தது. லிட்டில் இந்தியா நிலையம் அதில் ஒன்று. பழைய நிலையங்களில் மின்தூக்கிகள் பின்னர்ப் பொருத்தப்பட்டன. முதலிலேயே எண்ணியிருந்தால் எளிதாய் முடிந்திருக்கும் பணி, பின்னர்ப் பெருஞ்செலவில் நிறைவேறிற்று.

நாட்டளவிலான முதல் ஆற்றல்படுத்தும் பெருந்திட்டம் 2007இல் தொடங்கிற்று. உடற்குறையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் உறுதி செய்தது. பிற்காலத் திட்டங்களை வகுத்த குழுக்களில் உடற்குறையுள்ளோரும் இடம்பெற்றனர்.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து மின்தூக்கியில் மேலே வருபவர், சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளை அடைகிறார். கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைவழி, கடைக்குக் கடை ஏறியும் இறங்கியும் செல்கிறது. 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. நினைத்தபடி இடித்துக் கட்ட இயலாது. நடப்பவர் கவனியாத ஒரு படி, சக்கரத்தில் வருபவரைத் தடுக்கிறது. நடைவழியில் அடுக்கிய ஒரு பெட்டி, வெண்கோல் கொண்டு வழி தேடுபவரைத் திகைக்க வைக்கிறது. இத்தடைகளைத் தம் உடலால் அறிந்தவரே அவற்றைச் சரியாக எடுத்துக் கூற வல்லவர்.

குழுவின் கடமை

சமூகப் பணியாளரின் குழுக்கள் செய்யத்தக்க பணி இங்கேதான் இருக்கிறது. பிறர்க்காகப் பேசுவதினும் அவர் பேசுதற்கு இடம் அமைப்பது அரிய பணி. இருக்கை தருவது நாற்காலி ஒன்றைப் போடுவதோடு முடிவதன்று. கூட்ட அறைக்குப் படியில்லா வழி வேண்டும். பார்வையற்றவர் கையில் பிரெயில் வடிவிலோ ஒலி வடிவிலோ குறிப்புகள் முன்கூட்டியே சேர வேண்டும். காது கேளாதவர்க்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் அருகிருக்க வேண்டும். மெல்லப் பேசுபவர் சொல்லி முடிக்கும் வரை அவை காத்திருக்க வேண்டும். இவை இல்லாதவிடத்து இருக்கை வெறும் அணியே.

சாத்தனார் மன்னனுக்கு அறம் உரைத்தார். எண்ணப்பட்டோர் உடனமர்ந்து அவ்வறத்தை வகுப்பதே இக்காலத்தின் அறம். 1981இல் சிங்கப்பூரில் கூடியோர் கேட்டதும் அதுவே.