சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் ஐபோன் 15: நிறையும் குறையும்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி சுங்குவார்சத்திரம் வரும். அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரான ஆப்பிள் போன்களில் ஒன்று ஐபோன் 15. 2023 செப்டம்பர் 22 அன்று விற்பனை தொடங்கிய நாளிலேயே, இந்தியாவில் தயாரான போன்களும் கடைகளுக்கு வந்தன.

நிறைகள்:
6.1 அங்குல ஓஎல்இடி திரை, ஏ16 பயோனிக் சிப், 48 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா ஆகியவை இதில் உள்ளன. 2012 முதல் இருந்த லைட்னிங் இணைப்புக்குப் பதிலாக யூஎஸ்பி டைப்-சி வந்தது. எனவே வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் டைப்-சி சார்ஜரையே பயன்படுத்தலாம். கேமராவையும் இந்த மாற்றத்தையும் விமர்சகர்கள் பாராட்டினர்.

குறைகள்:
திரையின் வேகம் 60 ஹெர்ட்ஸ் மட்டுமே. இதைவிடப் பல மடங்கு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களிலேயே 120 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. டைப்-சி வழியாகத் தரவு செல்லும் வேகம் பழைய யூஎஸ்பி 2 அளவுதான். சிப்பும் முந்தைய ஆண்டின் 14 ப்ரோவில் வந்ததே. பெட்டியில் கேபிள் உண்டு, சார்ஜர் இல்லை.

விலை:
அறிமுகத்தின்போது இந்திய விலை ரூ.79,900. இவ்வளவு விலையுள்ள போனைப் பலர் தவணையில்தான் வாங்குகிறார்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதிலும் பெரும்பாலும் வங்கி வட்டி கணக்கிடப்பட்டு, அதே தொகை தள்ளுபடியாகக் காட்டப்படுகிறது. கிரெடிட் கார்டு தவணையானால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. வட்டி ஹராம் என்பதை நாம் அறிவோம். ஆகவே ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். ரொக்கம் சேரும்வரை பொறுத்திருப்பதே பேணுதல்.