கடைக்கு வராத வட்டு

1989-ல் சிகாகோவில் ஒரு பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் தரையில் பிணமாகக் கிடக்க வேண்டும். கூட இருந்த இருவர் அவரை விட்டுவிட்டு நடந்து போக வேண்டும். கேமரா அவர் முகத்தைவிட்டு மெல்லக் கிளம்பி, உடல் சிறுத்துப்போகும் அளவுக்கு மேலே ஏற வேண்டும். அதற்காகக் கேமராவைப் பலூன்களில் கட்டி, கயிற்றைக் கையில் பிடித்திருந்தார்கள். முகம் அழுகியதுபோலத் தெரிய சோளமாவு பூசியிருந்தார்கள்.

கயிறு அறுந்தது. காற்று பலூன்களைக் கேமராவோடு தூக்கிக்கொண்டு போனது. அது பக்கத்து மாநிலமான மிச்சிகனில் ஒரு விவசாயியின் நிலத்தில் இறங்கியது. அவர் எடுத்துப் போலீஸில் கொடுத்தார். சுருளைப் போட்டுப் பார்த்தவர்கள் கண்டது ஒரு பிணம். அதைவிட்டுச் சாவகாசமாக நடந்துபோகும் இரண்டு பேர். விஷயம் எஃப்.பி.ஐ. வரை போனது. ஒரு வருடத்துக்கு மேல் விசாரித்துக் கடைசியில் 'பிணத்தை'க் கண்டுபிடித்தபோது, அது உயிரோடு இருந்தது மட்டுமல்ல, கொஞ்சம் பிரபலமாகவும் ஆகியிருந்தது. அவர் பெயர் ட்ரென்ட் ரெஸ்னர். குழு நைன் இன்ச் நெயில்ஸ். பாட்டு 'டவுன் இன் இட்'.

சிரித்துவிட்டுப் போக வேண்டிய கதைதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு படத்தின் கதை. அதே ரெஸ்னருடைய படம், பதிமூன்று வருடம் கையிலிருந்து கைக்கு அலைந்து வட்டாக மாறியது, எந்தக் கடைக்கும் வராதது. அதன் தலையெழுத்தும் இந்தப் பலூன் சுருளின் தலையெழுத்தும் ஒன்றுதான். எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது என்று தெரியாத படத்தைப் பார்க்கிறவர் நிஜம் என்று நம்பிவிடுகிறார்.

நைன் இன்ச் நெயில்ஸ் இசையின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனில் 1976-ல் த்ராபிங் கிரிஸ்டில் என்ற குழு தன் இசைத்தட்டுகளை வெளியிட ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. இயந்திர இரைச்சல், ஒட்டிச் சுழலவிட்ட ஒலிநாடா, கேட்பவரைச் சங்கடப்படுத்தும் சொற்கள் எல்லாம் சேர்ந்ததற்கு அந்தப் பெயரே இசைவகையின் பெயராகி நின்றது. சில வருடங்களில் இங்கிலாந்திலேயே பௌஹாஸ் போன்ற குழுக்களிடமிருந்து கோதிக் இசை கிளைவிட்டது. இரண்டு வகை ரசிகர்களும் அதே இருட்டு நடனக்கூடங்களில் அதே கறுப்பு உடையில் பழகினார்கள். தொலைக்காட்சி இவர்களுக்கு வாசலை அகலத் திறக்கவில்லை. பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வீடியோ கேசட்தான் வழி.

த்ராபிங் கிரிஸ்டில் குழுவின் நால்வரில் ஒருவர் பீட்டர் கிறிஸ்டோஃபர்சன். ஹிப்னோசிஸ் என்ற புகழ்பெற்ற அட்டைப்பட நிறுவனத்திலும் பங்காளி. இசைத்தட்டு உறையில் ஒரே ஒரு படத்தை வைத்து ஆளை நிறுத்தி வைப்பது எப்படி என்று அறிந்தவர். 1990-களின் தொடக்கத்தில் ரெஸ்னர் அவரைத் தேடிப் போனார்.

அப்போது ரெஸ்னருக்கும் அவருடைய இசை நிறுவனமான டி.வி.டி. ரெக்கார்ட்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த டி.வி.டி. நிறுவனத்தின் சுருக்கப் பெயர். வட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிறுவனம் மூக்கை நுழைக்காமலிருக்க, அவர்களுக்குத் தெரியாமலே ஒலிப்பதிவு செய்து முடித்த பாட்டுகள் 1992 செப்டம்பரில் 'புரோக்கன்' என்ற பெயரில் வெளிவந்தன. அதிலிருந்த 'விஷ்' மெட்டல் பிரிவில் கிராமி விருது வாங்கியது. அந்தப் பாட்டுகளுக்கு எடுத்த வீடியோக்களைத் தனித்தனியாக விடாமல், ஒரே படமாகக் கோத்துத் தரச் சொன்னார் ரெஸ்னர். கிறிஸ்டோஃபர்சன் கோத்தார். சுமார் இருபது நிமிடப் படம்.

கோத்த விதம்தான் விபரீதம். ஒருவனைக் கடத்திக்கொண்டு போய் அடைத்துவைக்கிறான் ஒரு கொலைகாரன். சித்திரவதைக்கு நடுநடுவே அந்தக் கைதியைத் தொலைக்காட்சி பார்க்க வைக்கிறான். பெட்டியில் ஓடுவது நைன் இன்ச் நெயில்ஸின் பாட்டுகள். வழக்கமான பாட்டுத் தொகுப்பில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும்வரை குழுவினர் கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவார்கள். இங்கே அந்த இடைவெளிகளில் கொலை நடக்கிறது. அந்தப் பகுதிகளை யாரோ வீட்டுக் கேமராவில் தாறுமாறாக எடுத்ததைப்போலவே எடுத்திருந்தார் கிறிஸ்டோஃபர்சன்.

உள்ளே வரும் பாட்டுகளும் லேசானவை அல்ல. ஜான் ரைஸ் இயக்கிய 'ஹேப்பினஸ் இன் ஸ்லேவரி'யில் நடித்தவர் பாப் ஃப்ளானகன். பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயோடு மல்லுக்கட்டி, தன் உடம்பின் வலியையே கலை நிகழ்ச்சியாக்கிக்கொண்டவர். வீடியோவில் ஓர் இயந்திரம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. எம்.டி.வி. அதை ஒளிபரப்பவில்லை. ஃப்ளானகன் 1996-ல், தன் நாற்பத்து மூன்றாவது வயதில், அந்த நோயாலேயே இறந்தார்.

படம் முடிந்ததும் அதை வெளியிட வேண்டாம் என்று ரெஸ்னரே முடிவுசெய்தார். இந்தக் கோரம் இசையை மறைத்துவிடும் என்று அவருக்குப் பட்டது. ஆனால் தூக்கிப் போடவும் மனமில்லை. வி.எச்.எஸ். கேசட்டில் நகல் எடுத்து நண்பர்கள் சிலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வொரு கேசட்டிலும் வெவ்வேறு இடத்தில் படம் ஒரு கணம் அறுந்துபோகும்படி செய்துவைத்தார். வெளியே கசிந்தால், எந்த இடத்தில் அறுகிறது என்று பார்த்து எந்த நண்பரின் கேசட் என்று கண்டுபிடித்துவிடலாம். மாட்டுக்குச் சூடு போட்டு அனுப்புகிற மாதிரி.

கசிந்தது. சூடு போட்டதால் மாடு வேலி தாண்டாமல் இருந்துவிடுமா? யாருடைய மாடு என்பது மட்டும்தான் தெரியும்.

வாடகை டெக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அடுத்து நடந்ததை விளக்க வேண்டியதில்லை. வி.எச்.எஸ். நாடாவில் படம் காந்தத் தடமாகப் பதிகிறது. அதன் துல்லியம் குறுக்குவாக்கில் ஏறத்தாழ 240 கோடுகள்தான். அதிலும் நிறத்துக்கு ஒதுக்கியிருக்கும் இடம் இன்னும் குறைவு. நகலிலிருந்து நகல் எடுக்கும்போது முதலில் நிறம் ஓரம் தாண்டி வழியும், முக்கியமாகச் சிவப்பு. பிறகு முகம் கரையும். நாலாம் ஐந்தாம் நகலில் நிழல் எது, ரத்தம் எது என்று சொல்ல முடியாது. இரைச்சல் பாதி, படம் பாதி.

'புரோக்கன்' படத்துக்கு இந்தத் தேய்மானமே வரமாகிவிட்டது. வீட்டுக் கேமராவில் எடுத்த கள்ளப் படம்போலத் தெரிய வேண்டும் என்று கிறிஸ்டோஃபர்சன் பாடுபட்டதை, டெக்கோடு டெக்கை ஒயரால் இணைத்து நகல் எடுத்தவர்கள் செலவில்லாமல் செய்து முடித்தார்கள். ஒப்பனை தெரியவில்லை. வெட்டிய இடங்கள் தெரியவில்லை. வழியில் 'ஹெல்ப் மீ ஐ ஆம் இன் ஹெல்' என்ற பகுதியே பல நகல்களில் காணாமல் போனது. கையில் கிடைத்தவருக்கு அட்டையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. யாரோ ஒருவர் கிசுகிசுத்த எச்சரிக்கை மட்டும் இருந்தது. நிஜக் கொலையைப் படம் பிடித்திருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை. மிச்சிகன் போலீஸ் ஏமாந்தது போலவே ரசிகர்களும் ஏமாந்தார்கள். ஒரு வித்தியாசம்: இவர்கள் ஏமாற ஆசைப்பட்டார்கள்.

இந்தக் கள்ளக் கேசட் அலைந்துகொண்டிருக்கும்போதே அதன் நல்ல பிள்ளை கடைக்கு வந்தது. 1997-ல் வெளிவந்த 'குளோஷர்', இரண்டு வி.எச்.எஸ். கேசட் கொண்ட தொகுப்பு. ஒன்றில் சுற்றுப்பயணக் காட்சிகள், மற்றதில் பாட்டு வீடியோக்கள். மார்க் ரோமானெக் இயக்கிய 'குளோஸர்' அதில் இருந்தது. பழுப்பேறிய மருத்துவப் புகைப்படம்போன்ற அந்த வீடியோவை எம்.டி.வி. வெட்டித்தான் காட்டியது. வெட்டிய இடத்தை மழுப்பாமல், 'காட்சி காணவில்லை' என்ற அட்டையை வைத்தே ரோமானெக் வெட்டையும் அழகாக்கிவிட்டார். பிற்காலத்தில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. கறுப்புத் துக்க உடையும் பச்சை மதுவுமாக, எட்வர்ட் கோரியின் சித்திரங்கள் உயிர்பெற்றது போன்ற 'தி பெர்ஃபெக்ட் ட்ரக்' வீடியோவும் அதிலிருந்தது. 'கேவ் அப்' பாட்டின் வீடியோவும் உண்டு: லாஸ் ஏஞ்சலஸில் மேன்சன் கும்பல் நடிகை ஷாரன் டேட்டைக் கொன்ற அதே வீட்டில் எடுத்தது. ரெஸ்னர் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்.

இந்த நல்ல பிள்ளைக்கும் கெட்ட காலம் வந்தது. கேசட்டின் காலம் முடிந்து டி.வி.டி. வந்ததும் 'குளோஷர்' வட்டாக வரும் என்றார்கள். ரசிகர்கள் காத்திருந்தார்கள். கேசட் கடையைவிட்டுப் போனது. வட்டு கடைக்கு வரவில்லை. முறையாகப் பிறந்த தொகுப்பும் முறைகேடாகப் பிறந்த படமும் கடைசியில் ஒரே தெருவில் வந்து நின்றன.

2006 டிசம்பரில் ஸ்வீடனைச் சேர்ந்த 'பைரேட் பே' என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் 'சீட்0' என்ற பெயரில் யாரோ 'குளோஷர்' டி.வி.டி.யை முழுதாக ஏற்றினார். அதே வருடம் மே மாத இறுதியில்தான் ஸ்வீடன் போலீஸ் அந்தத் தளத்தின் கணினிகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. சில நாளில் தளம் திரும்பி வந்துவிட்டது. டிசம்பர் 21 அன்று ரெஸ்னர் தன் வலைப்பதிவில் பண்டிகை வாழ்த்தோடு, குற்ற உணர்ச்சியின்றி இறக்கிக்கொள்ளலாம் என்று கண்ணடித்தார். டிசம்பர் 30 அன்று அதே 'சீட்0' இன்னொரு வட்டை ஏற்றினார். 'புரோக்கன்'.

காணாமல் போன பகுதி திரும்பியிருந்தது. படமும் ஒலியும் பளிச்சென்று இருந்தன. கேசட் தந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான துல்லியம் டி.வி.டி.க்கு உண்டு, எத்தனை முறை நகலெடுத்தாலும் முதல் நகலும் ஆயிரமாவது நகலும் அச்சு அசல் ஒன்றே. பதிமூன்று வருடமாக மங்கலில் பயமுறுத்திய படத்தை ரசிகர்கள் முதல்முறையாக வெளிச்சத்தில் பார்த்தார்கள். கோரம் குறையவில்லை. ஆனால் ஒப்பனை தெரிந்தது. ஒளி அமைப்பு தெரிந்தது. எங்கே வெட்டி எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. புலன்விசாரணை செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சினிமா பார்க்கத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், கிறிஸ்டோஃபர்சன் எவ்வளவு நல்ல இயக்குநர் என்று புரிந்ததே அன்றைக்குத்தான். புழுதியில் கிடந்தவரை அது அவருடைய படமாகவே இல்லை. வதந்தியின் படமாக இருந்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. 2007-ல் ரெஸ்னர் பெரிய நிறுவன ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார். 2008-ல் 'கோஸ்ட்ஸ்' தொகுப்பின் முதல் பகுதியை அதே பைரேட் பே தளத்தில் குழுவின் பெயரிலேயே ஏற்றினார். முகமூடி தேவைப்படவில்லை. கிறிஸ்டோஃபர்சன் 2010-ல் பாங்காக்கில் காலமானார். 2013-ல் குழுவின் அதிகாரபூர்வப் பக்கம் வழியாகவே 'புரோக்கன்' விமியோ என்ற வீடியோ தளத்தில் தலைகாட்டியது. கொஞ்ச நேரத்தில் நீக்கப்பட்டது. உரியவர் கையாலேயே முன்வாசல் வழியாக வந்தபோது அதனால் அங்கே தங்க முடியவில்லை.

'சீட்0' ஏற்றிய அந்த வட்டு யார் யாரிடம் போனது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. லட்சம் பேர் இறக்கியிருந்தாலும் எல்லோரிடமும் இருப்பது ஒன்றுதான். கீறல் இல்லை, வடு இல்லை. கேசட் அப்படியல்ல. யார் கொடுத்தது, எத்தனை டெக் ஏறி இறங்கியது, எந்த இடத்தில் யாருடைய நாடா கசங்கியது என்று தன் பயணத்தையெல்லாம் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வந்தது. ரெஸ்னர் நண்பருக்குப் போட்ட அந்த ஒரு கண அறுப்பு, ஏழாம் நகலிலும் எட்டாம் நகலிலும் அதே இடத்தில் வந்து போயிருக்கும். பார்த்தவர்கள் நாடா பழுது என்று நினைத்து டெக்கின் தலையைத் துடைத்திருப்பார்கள். அது ஒரு நண்பரின் பெயர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?