தம்பரும் மாயாவியும்

திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சாம்பல்தீவு முதல் யாழ்ப்பாணம் வரை பரந்த ஈழத் தமிழ் வாசகர்களுக்குச் சித்திரக்கதை, அதாவது கட்டங்களில் வரைந்த படங்களும் உரையாடலும் சேர்ந்து கதை நகர்த்தும் வடிவம், இருவேறு ஊற்றுகளிலிருந்து கிடைத்தது.

முதலாவது உள்நாட்டு ஊற்று. கரவெட்டியில் பிறந்து பம்பாயில் கட்டடக்கலை பயின்ற சி. சிவஞானசுந்தரம், 'சுந்தர்' என்ற பெயரில் தினகரன் நாளிதழில் வரைந்த 'சவாரித் தம்பர்' தொடர், யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சையும் மனித இயல்புகளையும் சில கோடுகளுக்குள் அடக்கியது. 1963இல் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' இதழ் அத்தகைய பாத்திரங்களுக்கு நிலையான களமாயிற்று. வீரச்செயல் ஏதுமில்லாமல் பாத்திரத்தின் குணத்தையே கதையாக்கிய இக்கலை இன்னும் விரிவான ஆய்வுக்கு உரியது.

மற்றையது சிவகாசியிலிருந்து வந்தது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடான 'இரும்புக்கை மாயாவி', பிரித்தானிய வார இதழான வேலியண்டில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவமாகும். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிவதால், கட்டத்தில் எதை வரையாமல் விடுவது என்பதே கதைசொல்லலின் உயிராகிறது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஆழ்ந்த நிழல்கள் அந்த வெறுமைக்கு அச்சமூட்டும் கனத்தைத் தந்தன. எனினும், 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையால், இத்தகைய புதிய வெளியீடுகள் இங்குள்ள வாசகர்களை எளிதில் எட்டவில்லை.