உறங்க வைக்கப்பட்ட சில்லுகள்

பொருளைத் தரம் பிரித்து விற்பது வணிக உலகின் தொன்மையான வழக்கம். முத்தைச் சல்லடையிலிட்டு அளவு கண்டு விலை கூறியதை நம் முன்னோர் அறிவர். ஆனால், நல்முத்தின் ஒளியைத் தானே மறைத்து, அதனை மட்டமான முத்தென விற்ற வணிகன் உண்டா? உண்டு என்கிறது கணிப்பொறியின் வரலாறு.

சிலிக்கன் தட்டில் ஒரே நேரத்தில் உருவாகும் சில்லுகள் அனைத்தும் குறையின்றி அமைவதில்லை. ஒரு பகுதி மட்டும் பழுதாயின், அப்பகுதியை முடக்கிவிட்டு எஞ்சியதைக் குறைந்த விலைக்கு விற்பர். இது வீண் செலவைத் தவிர்க்கும் நல்ல உத்தியே. ஆயினும், மலிவான சரக்கை நாடுவோர் பெருகிப் பழுதான சில்லுகள் போதாமற்போகும்போது என்ன செய்வது? பழுதற்ற சில்லுகளையும் முடக்கி விற்பதே எளிய வழியாயிற்று. 1991-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 486 எஸ்எக்ஸ் இதற்கு முன்னோடி எனலாம். உயர்ந்த 486 டிஎக்ஸ் சில்லின் கணிதப் பகுதியை முடக்கியே அது விற்கப்பட்டது.

திரையில் படங்களை வரைந்து காட்டும் வரைகலை அட்டைகளிலும் இவ்வழக்கம் பரவியது. 2002-இல் கனடாவின் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 9700 புரோ அட்டையை 399 அமெரிக்க வெள்ளிக்கு வெளியிட்டது. அதன் சில்லில் படப்புள்ளிகளை வரையும் பாதைகள் எட்டு. அதே ஆண்டில் பாதிக்கும் குறைந்த விலையில் வந்த ரேடியான் 9500 அட்டையிலும் அதே சில்லுதான் இருந்தது. ஆனால் நான்கு பாதைகள் மூடப்பட்டிருந்தன.

ஆர்வலர்கள் வாளாவிருக்கவில்லை. ஒரு சிறு மின்தடையை இடம் மாற்றிப் பற்றவைத்தால் மூடிய பாதைகள் திறக்கும் என்று கண்டனர். பின்னர், இயக்கி மென்பொருளைத் திருத்தினாலே போதும் என்பதும் தெரிய வந்தது. அட்டையின் நினைவகச் சில்லுகள் 'ட' என்னும் எழுத்தைப் போல வளைந்து அமைந்திருந்தால், அது 9700 அட்டையின் பலகையே என்று அடையாளம் கண்டு தேடி வாங்கினர். சிலருக்கு முழு ஆற்றலும் கிட்டியது; சிலருக்கோ திரையெங்கும் சதுரங்கக் கட்டங்கள் தோன்றின. பின்னவர் கையில் கிடைத்தது உண்மையிலேயே பழுதான சில்லு!

2004-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 6800 அட்டையிலும் மூடிய பாதைகள் மென்பொருளால் திறக்கப்பட்டன. 2010-இன் இறுதியில் வந்த ரேடியான் எச்டி 6950 அட்டைகள் பலவற்றில், நிலைநிரலை மாற்றியதும் 1408 செயற்கூறுகள் 1536 ஆயின. நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. சில்லின் உள்ளேயே இணைப்பைத் துண்டித்து, மீட்க இயலாதவாறு செய்யும் முறைகள் வலுப்பெற்றன.

இதில் நேர்மை யார் பக்கம்? பழுதை மறைத்து விற்காமல், முடக்கி விலை குறைத்தது குற்றமன்று. திறந்த அட்டையை உயர்ந்த அட்டையென்று பிறருக்கு விற்பது வஞ்சகமே. ஆனால், விலை கொடுத்துத் தனதாக்கிக்கொண்ட பொருளைத் தன் பொறுப்பில் ஒருவன் திறந்து பார்ப்பதைத் திருட்டென்று கூற இயலுமா? வீட்டை விற்றவன், ஓர் அறையின் சாவியை மட்டும் தன் மடியிலேயே முடிந்துகொண்டான். அவ்வறையைத் திறந்து பார்க்கும் உரிமை, வாங்கியவனுக்கே உரியது.