20% சார்ஜ் இருக்கும்போதே போன் ஆஃப் ஆகுதா? பேட்டரி அளவு தப்பா காட்டினா என்ன செய்யணும்?

டீக்கடையில் யுபிஐ ஸ்கேன் பண்ணும்போது 20% காட்டிய போன், பின் நம்பர் போடுறதுக்குள்ள ஆஃப் ஆகிடுதா? சார்ஜரில் போட்டதும் ஒரே நிமிடத்தில் 20-லிருந்து 35-க்குத் தாவுகிறதா? டிக்கெட், பணம், அடையாள அட்டை எல்லாமே போனுக்குள் இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி பயணத்தில் அவசரத்துக்கு 112-ஐ அழைக்கும்போது போன் கைவிட்டால்? காரணம் என்ன, வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

சதவீதம் என்பது ஒரு மதிப்பீடுதான்!

பைக் டேங்கைத் திறந்து பெட்ரோலைப் பார்ப்பது போல பேட்டரிக்குள் பார்க்க முடியாது. எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது, மின்னழுத்தம், வெப்பநிலை எவ்வளவு என்பதை வைத்து போனில் உள்ள ஒரு சிப் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அந்த சதவீதம். லித்தியம் அயன் பேட்டரியில் நடுவில் உள்ள அளவுகளில் மின்னழுத்தம் பெரிசா மாறாது. அதனால் கணக்கு தவற வாய்ப்பு உண்டு.

ஏன் தப்பாகுது?

* பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு குறையும். சிப் பழைய கொள்ளளவை நம்பியே கணக்குப் போட்டால் அளவு தப்பும்.
* எப்போதும் 40-க்கும் 80-க்கும் இடையிலேயே சார்ஜ் செய்தால், முழுசு எது, காலி எது என்று சரிபார்த்துக்கொள்ள சிப்புக்கு வாய்ப்பே கிடைக்காது.
* பழைய பேட்டரியில் உள்மின்தடை அதிகரிக்கும். கேமரா, கேம் திறந்ததும் மின்னழுத்தம் சட்டுனு விழும். உள்ளே சார்ஜ் மிச்சம் இருந்தாலும் போன் அணைந்துவிடும். கடும் குளிரிலும் இதே கதைதான்.

என்ன செய்யணும்?

1. முதலில் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள்.

2. வேறு நல்ல கேபிள், சார்ஜரில் போட்டுப் பாருங்கள். சார்ஜிங் போர்ட்டில் ஊசி, பின் விட்டுக் குடையாதீர்கள்.

3. அடுத்தது கேலிபரேஷன். 80%-ல் சார்ஜை நிறுத்தும் வசதி ஆனில் இருந்தால் ஆஃப் பண்ணுங்கள். போன் தானாக அணையும் வரை பயன்படுத்துங்கள். பிறகு ஆஃப் நிலையிலேயே, நடுவில் எடுக்காமல் 100% வரை சார்ஜ் செய்யுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு ஆன் பண்ணுங்கள். முக்கியமான அழைப்பு வரும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

இதை வாராவாரம் செய்யக் கூடாது. முழுசா காலியாக்குவது பேட்டரிக்கு நல்லதல்ல. அளவு தப்பும்போது மட்டும் செய்தால் போதும்.

கேலிபரேஷன் ஆப் தேவையா?

தேவையில்லை. முன்பு இத்தகைய ஆப்கள் ஆண்ட்ராய்டில் பேட்டரி பயன்பாட்டுப் பதிவு ஃபைலை அழித்தன. ஆனால் அந்த ஃபைலுக்கும் திரையில் தெரியும் சதவீதத்துக்கும் தொடர்பே இல்லை என்று கூகுள் பொறியாளர் டயான் ஹாக்போர்ன் 2012-லேயே விளக்கிவிட்டார்.

பேட்டரியை மாற்றணுமா?

கேலிபரேஷனுக்குப் பிறகும் போன் பாதியில் அணைந்தால், பிரச்னை கணக்கில் இல்லை, பேட்டரியில்தான். ஐபோனில் செட்டிங்ஸ் > பேட்டரி பகுதியில் பேட்டரி ஹெல்த் பாருங்கள். 2018-ல் ஐஓஎஸ் 11.3-உடன் வந்த வசதி இது. அதில் 80%-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சாம்சங் போன்களில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பேட்டரியைச் சோதிக்கலாம்.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீங்க!

போனின் பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை தூக்கிக்கொண்டு நின்றாலோ கேலிபரேஷன் முயற்சியே வேண்டாம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ, குத்தவோ, நீங்களே கழற்றவோ கூடாது; தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

சரியாகும் வரை, போன் எந்த அளவில் வழக்கமாக அணைகிறதோ அதையே பூஜ்யம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் கிளம்பினால் பவர் பேங்க் ஒன்றும், வீட்டு நம்பரை எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றும் பர்ஸில் இருக்கட்டும்.